நூற்றில் ஒன்றுக்கும் குறைவு

புற்றுநோய்க்கு மருந்தேற்றும் கூடங்களில் செந்நிறத் திரவம் ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கக் காணலாம். டாக்சோரூபிசின் என்பது அதன் பெயர். கையுறை அணியாமல் செவிலியர் அதைத் தொடுவதில்லை. ஊசி சற்றே விலகி நாளத்திற்கு வெளியே கசிந்துவிட்டால் அவ்விடத்துத் தசை வெந்து புண்ணாகும். அத்தகைய நஞ்சைத்தான் உடல் முழுவதும் ஓடவிட்டு நோயை வெல்ல முயல்கிறோம். கட்டி ஒரு நெல்லிக்காய் அளவே இருக்கலாம். மருந்தோ மயிர்க்காலையும் குடற்சுவரையும் எலும்பு மச்சையையும் விட்டுவைப்பதில்லை. இதயத்தையும் அது அரிக்கிறது. ஆதலால் ஒருவர் தம் வாழ்நாளில் பெறத்தக்க மொத்த அளவிற்கே மருத்துவர் வரம்பு கட்டியிருக்கின்றனர். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயம் தளரும் வாய்ப்பு விரைந்து ஏறுகிறது. புற்றினின்று பிழைத்து, பிழைக்கவைத்த மருந்தினால் மாண்டவர் உண்டு.

இந்த அவலத்திற்கு மாற்றுத் தேடும் துறைக்கு இலக்குநோக்கிய மருந்துசெலுத்தம் என்று பெயர். நஞ்சு நஞ்சாகவே இருக்கட்டும், அது போகும் வழியை நாம் ஆள்வோம் என்பது அத்துறையின் கொள்கை. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு மந்திரக் குண்டு என்று பெயர் சூட்டினார். சாயத்தொழில் செழித்த நாட்டில் வாழ்ந்த அவர், சில சாயங்கள் சில உயிரணுக்களை மட்டுமே பற்றிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதைக் கண்டு அவ்வெண்ணத்திற்கு வந்தார். நம்மவர் இராமபாணம் என்பர். அழகிய சொல்தான். ஆயினும் நூறாண்டுகளாக இத்துறையை வழிநடத்திய அச்சொல்லே அதை வழிதவறவும் செய்தது என்பது நம் கருத்து. தவறாத அம்பு என்று முன்னரே நம்பிவிட்டவன், எய்த பிறகு அம்பு எங்கே விழுந்தது என்று போய்ப் பார்ப்பதில்லை.

புற்றுநோய்க்கான மருந்தேற்றத்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து அறுவை மருத்துவக் கூடத்திற்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்கு மாறாக அதனினும் தாழ்ந்த சான்றிதழையே பெற்றார். கடல் கடந்து பாஸ்டன் சென்ற அவர், பின்னர் லெடர்லி மருந்துநிறுவனத்தில் தலைமை தாங்கிய ஆய்வுக்குழு ஃபோலிக் அமிலத்தை மறிக்கும் பொருள்களை ஆக்கித் தந்தது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குருதிப்புற்றால் வாடிய குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், 16 குழந்தைகளுள் பத்துப்பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று கண்டிருந்தது. அதுவரை அந்நோய் தணிந்ததே இல்லை எனலாம். ஆனால் ஃபோலிக் அமிலம் புற்றணுவிற்கு மட்டும் உரியதா? பிளவுறும் ஒவ்வோர் உயிரணுவிற்கும் அது வேண்டும். குழந்தைகளின் வாயும் குடலும் புண்ணாயின. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். வாழ்வதும் பெருகுவதும் ஒன்றே என்று இயங்கும் உடலில் எதை அடிப்பது, எதை விடுவது என்னும் கேள்வி மட்டும் நின்றது.

அதே பாஸ்டனில், ஃபார்பர் நிறுவிய ஆய்வு நிலையத்தில், 1960களின் இறுதியில் ஓர் இளம் ஜப்பானியர் பணியாற்றினார். ஹிரோஷி மயேதா என்பது அவர் பெயர். 1938இல் பிறந்தவர். நியோகார்சினோஸ்டாட்டின் என்னும் புரதமருந்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். புற்றணுவைக் கொல்வதில் அது கொடிது. ஆனால் உருவிற் சிறியதாகையால் சிறுநீரகம் சில மணித்துளிகளுக்குள் அதை வடித்து வெளியேற்றிவிடும். பகைவன் வாயிலை அடையுமுன் படை கலைந்துவிடுவது போல. தாயகம் திரும்பிக் கியூஷூ தீவிலுள்ள குமமோத்தோ பல்கலைக்கழகத்தில் அமர்ந்த மயேதா, அப்புரதத்துடன் செயற்கைப் பலபடி இழைகள் இரண்டைப் பிணைத்தார். விளைந்த பொருளுக்கு ஸ்மாங்ஸ் என்று பெயர். குருதியிலுள்ள அல்புமின் என்னும் பெரும்புரதத்தை அது பற்றிக்கொள்ளும். ஆதலின் சிறுநீரகத்தின் சல்லடைக்குத் தப்பி நெடுநேரம் உடலிற் சுழலும்.

அதன் பின் நிகழ்ந்தது அவர் எதிர்பாராதது. பெருத்த மூலக்கூறுகள் எங்கும் சமமாகப் பரவாமல், எலியின் கட்டியில் வந்து வந்து சேர்ந்தன. 1986இல் யசுஹிரோ மாட்சுமுராவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று. எவன்ஸ் நீலம் என்னும் சாயத்தைக் குருதியிற் செலுத்தினால் அது அல்புமினை ஒட்டிக்கொள்ளும். புற்றுள்ள எலிக்கு அதைச் செலுத்திப் பின்னர் அறுத்துப் பார்த்தால், சுற்றியுள்ள தசை வெளிறியே இருக்க, கட்டி மட்டும் நீலம் பாய்ந்து கிடக்கும். எர்லிக்கைச் சிந்திக்கவைத்த சாயம் மீண்டும் ஒருமுறை வழிகாட்டியது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

காரணத்தை மயேதா கண்டறிந்த முறை எண்ணி வியக்கத்தக்கது. அவர் நுண்ணுயிரியலார், கிருமி தாக்கிய இடத்தில் பிராடிகைனின் என்னும் பொருள் ஊறி, குருதிநாளம் கசிந்து, வீக்கம் உண்டாவதை ஆராய்ந்தவர். புற்றுக்கட்டியின் நாளங்களும் அவ்வாறே கசிகின்றன என்று உணர்ந்தார். வெறிகொண்டு வளரும் கட்டி, தனக்கான நாளங்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொள்கிறது. அவற்றின் சுவர் முறையாக இழைக்கப்படாமல் இடைவெளி விழுந்து கிடக்கிறது. நல்ல தசையில் நுழையமாட்டாத பெருமூலக்கூறு அவ்வழியே கட்டிக்குள் நுழையும். புண்ணுக்கும் புற்றுக்கும் ஒரு வேற்றுமை: புண்ணில் கசிந்ததைச் சில நாள்களில் நிணநாளங்கள் வடித்துவிடும், புற்றுக்கட்டியில் நிணவடிகால் செம்மையாக இல்லை. ஆகவே புகுந்தது வெளியேறாது. வரவு உண்டு, செலவு இல்லை. ஊடுருவலும் தேக்கமும் மிகுதல் என்று இவ்விளைவிற்குப் பெயராயிற்று. ஒரு நோயின் அவசரத்தையே அந்நோய்க்குப் பகையாகத் திருப்பிய கண்டுபிடிப்பு அது.

எலியோடு அவர் நிற்கவில்லை. கல்லீரலின் நல்ல பகுதி தனக்குரிய குருதியின் பெரும்பங்கைக் குடலிலிருந்து வரும் சிரையின் வழியே பெறுகிறது. அங்கு முளைத்த புற்றோ பெரும்பாலும் தமனியின் வழியே உண்கிறது. குமமோத்தோவின் அறுவை மருத்துவர்கள் இவ்வேற்றுமையைக் கைக்கொண்டனர். ஸ்மாங்ஸை லிப்பியோடால் என்னும் எண்ணெயிற் கரைத்து, கல்லீரல் தமனிக்குள் நுண்குழாய் வழியே செலுத்தினர். அவ்வெண்ணெய் வேறொன்றுமன்று, நம் அடுக்களைக் கசகசாவின் எண்ணெயில் அயோடினை ஏற்றியது. அயோடின் இருப்பதால் ஊடுகதிர்ப் படத்தில் மருந்து தங்கிய இடம் வெண்மையாகத் துலங்கும். மருந்து சென்றதா இல்லையா என்பதை மருத்துவர் தம் கண்ணாலேயே கண்டார். 1993இல் ஜப்பானிய அரசு அதைக் கல்லீரற் புற்றுக்கு ஒப்புக்கொண்டது. எய்தவரே இலக்கைப் போய்ப் பார்த்துவந்த முறை என்பதனால் இதைச் சற்று விரித்துரைத்தோம்; பின்வந்த பலர் அந்தப் பகுதியை மறந்தனர்.

இதற்கிணையாக எருசலேமில் யெகெஸ்கெல் பாரன்ஹோல்ஸும் ஆல்பர்டோ கபிசோனும் வேறொரு வழியில் நடந்தனர். டாக்சோரூபிசினைக் கொழுப்பாலான நுண்குமிழிகளுள் அடைப்பது அவர்கள் திட்டம். லிப்போசோம் எனப்படும் அக்குமிழியின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிப்பில் பல நூறு குமிழிகளை வரிசையாக அடுக்கலாம். முதல் முயற்சி தோற்றது. கல்லீரலும் மண்ணீரலும் அவற்றை அயற்பொருள் என்று கண்டு விழுங்கிவிட்டன. பின்னர், குமிழியின் புறத்தே பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளை மயிர்போல் நட்டனர்; நீர் சூழ்ந்த அவ்விழைகள் காவலணுக்களின் கண்ணுக்கு மறைப்பாயின. உள்ளே அம்மோனியம் சல்பேட்டை வைத்து, அதன் ஈர்ப்பால் மருந்தைத் தானே உட்புகவைத்து, அங்கே படிகமாக உறையவும் செய்தனர். 1995இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இசைவளித்த அம்மருந்தே டாக்சில். நானோமருந்து என்று சொல்லத்தக்கவற்றுள் அந்நாட்டில் முதலாவது இசைவு பெற்றது.

டாக்சில் என்ன சாதித்தது? இக்கேள்விக்கு விடை சொல்லும்போது நடுவுநிலை வேண்டும். பரவிய மார்பகப் புற்றில் அதைப் பழைய டாக்சோரூபிசினுடன் ஒப்பிட்டு 2004இல் வெளியான பெரும் ஆய்வு, நோயை அடக்குவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்றது. ஆனால் இதயத்திற்கு நேரும் தீங்கு டாக்சிலால் வெகுவாகக் குறைந்தது. அதாவது, இலக்கை அது மிகுதியாகத் தாக்கியதன்று. தாக்கக்கூடாத ஓரிடத்தைக் காத்தது. இதையே தோல்வி என்பாரும் உளர். இதயம் உடையவர் அவ்வாறு சொல்லமாட்டார். எனினும் நஞ்சு எங்கும் ஒழிந்துபோகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: நெடுநாள் சுழலும் குமிழிகள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கசிந்து தோலைச் சிவக்கவைத்து உரிக்கின்றன. நடக்கவும் பாத்திரம் பிடிக்கவும் இயலாமற்போன நோயாளிகளை மருத்துவர்கள் அறிவர்.

இப்படியாகத் தொண்ணூறுகளிலும் அதன்பின்னும் நானோதுகள் ஆய்வு பெருவெள்ளமாயிற்று. பொன், இரும்பு, சிலிக்கா, பலபடி எனத் துகளின் பொருள் மாறியது, வடிவம் மாறியது, மேலே ஒட்டிய சுட்டுப்புரதம் மாறியது. எலிகள் பிழைத்தன. ஏடுகள் நிறைந்தன. இத்தனைக்கும் பின், செலுத்தியதில் எவ்வளவு கட்டியைச் சென்றடைந்தது என்னும் எளிய கணக்கை ஒருவரும் ஒருங்கே போட்டுப் பார்க்கவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர் 2016இல் அதைச் செய்தனர். அதற்கு முந்திய பத்தாண்டுகளின் கட்டுரைகளுள் 117ஐத் தெரிந்து, அவற்றின் தரவிலிருந்தே கணக்கிட்டனர். நடுவெண் 0.7 விழுக்காடு. நூறு துகள் எய்தால் ஒன்றுகூடச் சேரவில்லை. எஞ்சியவற்றின் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் அடங்கியது.

அவ்வெண் வெளிவந்தபோது துறையினர் சிலர் சினந்தனர். கணக்கிட்ட முறை பிழை என்றனர். மருந்தியலார் வழக்கமாக அளக்கும் முறையில் அளந்தால் இவ்வளவு மோசமாகத் தோன்றாது என்றனர். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. பழைய மருந்துகளும் நூற்றில் மிகச்சிறு பங்கே கட்டியைச் சேர்கின்றன. ஒப்பிடாமல் ஓர் எண்ணை மட்டும் தூக்கிப் பிடிப்பது முறையாகாது. ஆயினும் பல்லாயிரம் கட்டுரைகள் எழுதிய ஒரு துறை இக்கணக்கைப் போட ஏன் இத்தனை ஆண்டு காத்திருந்தது என்ற வினாவிற்கு அவ்வாதம் விடையாகாது.

2020இல் அதே குழுவினர் மற்றொரு கல்லை எறிந்தனர். நாளச்சுவரின் இடைவெளிகள் எண்ணியதைவிட அரியவை என்றும், கட்டிக்குள் புகும் துகள்களில் 97 விழுக்காடு வரை நாளச்சுவரின் உயிரணுக்களே உள்வாங்கி மறுபுறம் கடத்துபவை என்றும் அவர்கள் எலிகளிற் கண்டனர். மயேதாவின் நீலக்கட்டி பொய்யாகவில்லை. கட்டியில் சேர்வது மெய், சேரும் வழியைப் பற்றிய விளக்கமே ஐயத்திற்கு உரியதாயிற்று. அவ்வாண்டிலேயே வந்த இன்னோர் ஆய்வு வியப்பூட்டுவது. ஒரே வேளையில் ஓர் இலட்சம் கோடித் துகள்களுக்கு மேல் எலிக்குச் செலுத்தினால், கல்லீரலின் காவலணுக்கள் உண்டு தீர்க்க முடியாமல் திணற, கட்டியைச் சேரும் பங்கு 12 விழுக்காடு வரை உயர்ந்தது. நெடுங்காலமாக வெறும் கழிவிடமென்று எண்ணப்பட்ட கல்லீரலே கதையின் மையத்தில் நின்றது.

எலிக்கும் மனிதருக்கும் உள்ள தொலைவையும் மறைக்கலாகாது. இருபது கிராம் எடையுள்ள எலியின் முதுகில் ஒரு கிராம் கட்டியை வளர்த்து ஆய்கின்றனர். அறுபது கிலோ எடையுள்ள மனிதருக்கு அது மூன்று கிலோக் கட்டிக்கு ஒப்பு. அவ்வெலிக்கட்டி சில வாரங்களில் வளர்ந்தது. மனிதரின் கட்டி பல்லாண்டு மெல்ல மெல்ல வேரூன்றியது. அவசரத்தில் கட்டிய நாளம் கசிவது போல ஆற அமரக் கட்டியது கசியுமா? முதுமையிலும் ஓயாது எழுதிய மயேதா இவ்வேறுபாட்டை மறுக்கவில்லை. மனிதக் கட்டிகளில் நாளங்கள் அடைபட்டுக் கிடப்பதால் மருந்து புகுவதில்லை என்றும், நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் போன்ற பொருள்களால் அவ்வடைப்பைத் திறக்கலாம் என்றும் வாதிட்டார். தம் பெயரால் விளங்கும் கொள்கையின் எல்லையைத் தாமே வரைந்து காட்டிய அறிஞர் அவர். 2021இல் மறைந்தார்.

துகள்கள் தடுமாற, எதிர்ப்புரதங்கள் முன்னேறின என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் வகுத்த முறையால், ஒரே அடையாளத்தை மட்டும் பற்றும் எதிர்ப்புரதத்தை வேண்டிய அளவு ஆக்க முடிந்தது. அதன் முதுகில் நஞ்சைக் கட்டி அனுப்பும் மருந்துகளுள் இன்று பெயர்பெற்றது டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான். அதுவும் ஜப்பானில் பிறந்ததே. ஒவ்வொரு புரதமும் ஏறத்தாழ எட்டு நஞ்சு மூலக்கூறுகளைச் சுமக்கிறது. ஹெர்2 என்னும் அடையாளம் குறைவாக உள்ள, பரவிய மார்பகப் புற்றினருக்கு 2022இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்தேற்றத்தில் 16.8 மாதமாக இருந்த நடு வாழ்நாள் 23.4 மாதமாக நீண்டது. ஆறரை மாதம். ஏட்டில் சிறிய எண். ஒரு வீட்டில் அது ஒரு மகளின் திருமணமாகவோ பேரப்பிள்ளையின் பிறப்பாகவோ இருக்கக்கூடும். அம்மருந்தும் குற்றமற்றதன்று. நுரையீரலை அழலவைத்துச் சிலரின் உயிரைப் பறித்திருக்கிறது.

நம் நாட்டிற்கு இதில் என்ன? 2011இல் டாக்சிலை ஆக்கிவந்த ஒஹையோ ஆலை தரக்குறைவுச் சிக்கலால் முடங்க, அமெரிக்க நோயாளிகள் மருந்தின்றித் தவித்தனர். 2012 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு, சன் பார்மா ஆக்கிய லிப்போடாக்ஸை இந்தியாவிலிருந்து வரவழைக்க இசைந்தது. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் பொதுப்பெயர் மருந்துக்கு முழு இசைவும் கிடைத்தது. குமிழிக்குள் நஞ்சை அடைக்கும் நுண்தொழில் நமக்குக் கைவந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. இந்தியாவில் 2022இல் மட்டும் புதிதாகப் புற்று கண்டோர் 14 இலட்சத்திற்கு மேல் என்று தேசியப் பதிவேடு மதிப்பிட்டது. இத்தொகையினருக்கு மேனாட்டு விலையில் மந்திரக் குண்டு வாங்கித்தர எந்த அரசாலும் ஆகாது. செய்யக்கூடியது ஒன்றுண்டு, அது விலை மலிந்தது. மருந்து யாருக்குச் சென்று சேரும், யாருக்குச் சேராது என்று முன்னரே பார்ப்பது.

அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு மருந்துசெலுத்த ஆய்வும், செலுத்தியதில் எத்தனை விழுக்காடு கட்டியைச் சேர்ந்தது, எஞ்சியது எவ்வுறுப்பில் தங்கியது, எவ்வளவு எடைக் கட்டியில் அளக்கப்பட்டது என்பவற்றை முதற்பக்கத்திலேயே அறிவிக்கவேண்டும் என்று விதி செய்யவேண்டும். எலி பிழைத்தது என்ற செய்தியை இவ்வெண்களின்றி நாளிதழ்களும் வெளியிடலாகாது. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். மனிதரிடத்து இம்மருந்துகளைச் சோதிப்போர், சிகிச்சைக்கு முன் கதிரியக்கச் சுவடு ஏற்றிய துகளைச் சிறிதளவு செலுத்திப் படமெடுத்துப் பார்க்கக் கடமைப்பட்டோர் ஆகவேண்டும்.

இது புதிய யோசனையன்று. இலண்டன் மருத்துவர்கள் கதிரியக்க இண்டியம் ஏற்றிய லிப்போசோம்களை 17 நோயாளிகளுக்குச் செலுத்திப் படமெடுத்து 2001இலேயே வெளியிட்டனர். தலை, கழுத்துப் புற்றுகள் மார்பகப் புற்றைவிட ஆறு மடங்கு உறிஞ்சின. பதினைந்து பேரின் கட்டிகள் படத்தில் ஒளிர்ந்தன. இருவருடையவை ஒளிரவில்லை. இன்று ஒரு மருத்துவமனையில் லிப்போசோம் மருந்து ஏற்றிக்கொள்ள அமர்ந்திருப்பவர், அந்தப் பதினைவரைச் சேர்ந்தவரா இருவரைச் சேர்ந்தவரா என்று அவரிடம் சொல்வார் இல்லை.